பத்திரிகையில் ஏழாவது பெயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு நான் போக வேண்டிய கல்யாணத்தில் கிடைக்கவில்லை. அழைப்பே இல்லாத கல்யாணத்தில் கிடைத்தது.

போன ஆவணி கடைசியில் கோவிந்தாபுரம் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. அவருடைய அப்பா என் தொடர்கதைகளை வாரம் தவறாமல் படிப்பவர். அந்த உரிமையில் அழைத்திருந்தார். மண்டப வாசலில் ஆட்டோ நின்றதும், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் பன்னீர்ச் செம்போடு ஓடிவந்து வழிமறித்தார். எழுபது வயது இருக்கும்.

"பேச்சி கல்யாணமா, இல்ல இந்தக் கல்யாணமா?"

"இந்தக் கல்யாணந்தாங்க."

"அப்ப உள்ள போங்க. பேச்சி கல்யாணம்னா முதலமடை ரோட்ல மாங்கா ஷெட்டு. ரெண்டு கிலோமீட்டரு." சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என் மேலும் பன்னீர் தெளித்தார்.

ஒரு கல்யாணத்து மண்டப வாசலில் நின்று இன்னொரு கல்யாணத்துக்கு ஆள் அனுப்பும் மனிதரை நான் பார்த்ததில்லை. நீங்கள் யார் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த பத்திரிகையை எடுத்தார். கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு ஏழு பெயர்கள். ஏழாவது பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இது நாந்தேன்."

முதல் கதை அச்சில் வந்த அன்று எழுதுகிறவனின் விரல் அப்படித்தான் நிற்கும். எனக்குத் தெரியும். ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். துபாய் மாப்பிள்ளையின் அப்பா இன்றுவரை என்னோடு பேசவில்லை.

2

தொடக்கங்களை எழுதிப் பார்க்கிறேன்.

'மூணாறின் மூடுபனி மெல்ல விலகியபோது, தேயிலைச் சரிவில் கூடையோடு ஒரு பெண் —'

வேண்டாம். மூடுபனியை வாரப்பத்திரிகை ஓவியர் எப்படியும் வரைந்துவிடுவார். பேச்சியின் கையில் கூடையும் இல்லை.

'கடன் என்பது ஒரு குடும்பத்தின் —'

இதுவும் வேண்டாம். இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

'முத்துப்பேச்சிக்கு வயது இருபத்தேழு. அவளுக்கு மூன்று கடன். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனுக்கு நான்கு.'

இது இருக்கட்டும்.

மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி அணையில், படகுத்துறை டிக்கெட் கவுன்டரில் அவளுக்கு ஒப்பந்த வேலை. அப்பா பொன்ராஜ் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் மருந்தடித்து ஓய்வு பெற்றவர். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். அந்த வேலை இருப்பதால்தான் எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் வீடு இருக்கிறது. லோகேஷ் கோவிந்தாபுரத்துக்காரன். ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். முதலமடை மாங்காயை மலைக்கு ஏற்றுவான், வட்டவடை கேரட்டை இறக்குவான். வழியில் மாட்டுப்பட்டி. கவுன்டரில் மூன்று தடவை நோட்டைக் கொடுத்துச் சில்லறை கேட்டவன், நான்காவது தடவை சில்லறையைக் கொட்டி நோட்டு கேட்டான். அப்போதுதான் பேச்சிக்குச் சந்தேகம் வந்தது.

(காதல் இந்தக் கதையில் இவ்வளவுதான். தொடராக இருந்தால் இதற்கே பன்னிரண்டு வாரம் எடுத்திருப்பேன்.)

கட்டிக்கொள்ளலாமா என்று அவன் கேட்ட அன்று அவள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"உங்களுக்குக் கடன் எவ்வளவு?"

சொன்னான். அவளும் தன்னுடையதைச் சொன்னாள்.

"ரெண்டையும் கூட்டிப் பாத்தா ரொம்ப வருதே புள்ள."

"கூட்டாம வச்சிருந்தா மட்டும் கொறைஞ்சிருமாக்கும்?"

3

பேச்சிக்கு ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவளை நீங்கள் கணக்குப்பிள்ளை என்று நினைத்துவிடுவீர்கள்.

அவளுடைய அக்கா ஆர்த்திக்கு ஆறு வருடத்துக்கு முன் எஸ்டேட்டில் கல்யாணம் நடந்தது. செலவுக்கு அப்பா ஐம்பதாயிரம் கடன் வாங்கியிருந்தார். கொடுத்தவர் போடியிலிருந்து மலையேறி வந்து வசூல் செய்யும் மொக்கையன். கல்யாணத்தன்று அவர் காலையிலேயே வந்தார். தாலி கட்டி முடிந்ததும் எழுந்துபோய், மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

சத்தம் போடவில்லை. யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பேரத் தெளிவா எழுதுப்பா, நாளைக்கு அவுக திருப்பிச் செய்யணும்ல" என்று மொய் எழுதுகிறவருக்கு யோசனை வேறு சொன்னார். ஒவ்வொரு உறையும் பிரிந்து, நோட்டில் பெயர் ஏறி, அவருடைய மஞ்சள் பைக்குள் போயிற்று. கழுத்தில் மாலையோடு மேடையில் நின்ற ஆர்த்தி அதைப் பார்த்தாள். தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த பேச்சி, ஆர்த்தி பார்த்ததைப் பார்த்தாள்.

அன்று வந்த மொய் அதுவரை ஏறியிருந்த வட்டிக்குச் சரியாகப் போயிற்று. அசல் அப்படியே நின்றது, பேச்சியின் மூன்று கடனில் ஒன்றாக. மொய் வைத்தவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அப்பா இன்றுவரை திருப்பிச் செய்துகொண்டிருக்கிறார். ஒரு கடனை அடைக்கப் போய் நூற்றுப்பத்துக் கடன்.

இந்த இடத்தில் மொக்கையனைக் கொஞ்சம் கொடூரமாக எழுதலாமா என்று பார்த்தேன். தங்கப் பல், பெரிய மீசை. ஆனால் அவர் என் மேல் பன்னீர் தெளித்திருக்கிறார். கை வரவில்லை.

4

"எங் கல்யாணத்துல நம்மட்ட வாங்க வேண்டியது இருக்குன்னு ஒரு ஆளு வந்து உக்காரக் கூடாது" என்றாள் பேச்சி. "குடுத்தவுக அம்புட்டுப் பேரும் வரணும். ஆனா எல்லாத்தையும் வாங்கிட்டு வரணும்."

"சரி. அது ஊருக்கு எப்புடித் தெரியும்?"

யோசித்து அவள்தான் சொன்னாள். பத்திரிகை.

இந்தப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணமக்கள் பெயரை விடப் பெரியது கீழே வரும் உறவுக்காரர்கள் பட்டியல். யார் பெயராவது விட்டுப்போனால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பட்டியலில் உறவுக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர்கள். அதுவும் முழுசாகத் திருப்பி வாங்கிய பிறகுதான் பெயர் ஏறும். ஏழும் ஏறினால்தான் அச்சுக்குப் போகும், அச்சானால்தான் கல்யாணம்.

கொல்லங்கோட்டில் ஒரு அச்சகம். அங்கே கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ஜிஸ்மி முதல் நாளே கேட்டாள்: "சேட்டா, லிஸ்ட்ல ஒரே ஒரு பேரா? வேற பந்துக்கள் யாரும் இல்லையோ?"

"ஒவ்வொருத்தரா வருவாங்க" என்றான் லோகேஷ்.

இரண்டரை வருடம் வந்தார்கள். சனி, ஞாயிறுகளில் கடைசிப் படகு கரையேறியதும் பேச்சி கவுன்டரைப் பூட்டிவிட்டு, அணைக்கரையில் முதலமடை மாங்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்றாள். லோகேஷ் வழியில் ஓட்டலில் சாப்பிடுவதை விட்டான். அவள் கட்டிக்கொண்டு வரும் சோற்றில் பாதி அவனுக்கு. ஒவ்வொரு கடன் தீர்ந்ததும் ஜிஸ்மி ஒரு பெயரைச் சேர்த்து, சாதாரணத் தாளில் ஒரு புரூஃப் எடுத்துக் கொடுப்பாள். பேச்சி அதைக் கவுன்டர் கதவின் உள்பக்கம் ஒட்டுவாள்.

முதல் பெயர் படகுத்துறை கேன்டீன் செல்லத்துரை. இரண்டாவது, அம்மாவின் ஆபரேஷனுக்குப் பெண்கள் குழுவிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்த இந்து. மூன்றாவது, பொள்ளாச்சி டயர் கடை ஜெகன். நான்காவது லோகேஷின் தாய்மாமா ஈஸ்வரன். "மாமங்கறதுக்காக இல்லாம, காசு வாங்கிட்டங்கறதுக்காகத்தான் என்ற பேரா?" என்று அவர் ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது, வண்டிக்கு இன்ஜின் வேலை பார்க்கப் பணம் கொடுத்த மாங்காய் ஷெட் முதலாளி ஷைஜு.

ஆறாவதுதான் சிக்கல். வண்டிக் கடன் கொடுத்தது ஒரு நிதி நிறுவனம். நிறுவனம் எப்படி நல்வரவை விரும்பும்? தினமும் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்து தவணை கேட்ட அதிகாரி கல்பாத்திக்காரர், வெங்கடகிருஷ்ணன். கடைசித் தவணை கட்டிய அன்று லோகேஷ் அவரிடம் கேட்டான்.

"என் பேரையா?" என்றார் அவர். "நேக்கு உங்களோட என்ன உறவுன்னு போடுவேள்?"

"மூணு வருசம் தெனமும் பேசியிருக்கோமுங்க. என்ற சொந்தத்துல யாரும் அப்புடிப் பேசுனதில்லீங்க."

"போட்டுக்கோங்கோ. இனிஷியலையும் சேர்த்துப் போடுங்கோ."

பொன்ராஜின் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தம்பிக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. அவர் நேரே பேச்சியிடம் வந்தார்.

"ஏ பிள்ள, கடன் குடுக்காததுக்கு இப்படி ஒரு தண்டனையா?"

"ஆமா பெரியப்பா."*

* இந்த உரையாடல் நான் கட்டியது. எழுதியதைப் பேச்சிக்குப் போனில் படித்துக் காட்டினேன். "நான் இப்படிச் சொல்லல. இதவிட மோசமாச் சொன்னேன்" என்றாள். என்ன சொன்னாள் என்பதை எந்த வாரப்பத்திரிகையும் போடாது.

5

இனி, தவறு.

ஆவணி பிறந்த முதல் சனிக்கிழமை. கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள். லோகேஷ் நானூறு பத்திரிகைகளை வண்டியில் ஏற்றி வந்தான். அதற்குள் கோவிந்தாபுரத்தில் அவன் அம்மா முதல் பத்திரிகையை மாரியம்மன் கோயிலில் வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் அறுபது கொடுத்து முடித்திருந்தாள். மலையேறியவன் முதலில் லயத்துக்குப் போய் அப்பாவிடம் ஒரு கட்டு கொடுத்தான். பிறகு அணைக்கு வந்து, கவுன்டர் ஜன்னல் வழியாக ஒன்றை நீட்டினான்.

பேச்சி மேலிருந்து படிக்கவில்லை. கீழிருந்து படித்தாள்.

ஏழாவது: போடி மொக்கையன்.

"இவருக்கு எப்பக் குடுத்தீங்க?"

லோகேஷ் பின்னால் நின்ற சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்தான். "கேரட் யாவாரி வெள்ளிக்கெழம பணம் போட்டுர்றேன்னாருங்க. மொத்தமா அம்பத்தெட்டாயிரம். வந்ததும் நேரா மொக்கையங்கிட்டக் குடுத்துறலாம்னு... அச்சகத்துலயும் முகூர்த்த சீசன்னு அவசரப்படுத்துனாங்க."

"வெள்ளிக்கெழம வந்துதா?"

"வல்ல புள்ள."

"நீ எழுதிட்டா நடந்துரும்னு நெனச்சியா?"

(நீங்க, நீயாக மாறியதை லோகேஷ் கவனித்தான். இந்தக் கேள்வி என்னையும் கொஞ்சம் குத்தியது. நான் இருபது வருடமாக அப்படி நினைத்துத்தான் பிழைக்கிறேன்.)

அவள் உடனே வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா எடுத்தாள். அப்பா சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு மூணாறு பஜாருக்குப் போயிருக்கிறார். மொக்கையனுக்குப் பத்திரிகை வைக்க.

மொக்கையன் பெயர் அச்சில் வந்திருக்கிறது. அப்படியென்றால் மகள் கடனைக் கட்டிவிட்டாள். பொன்ராஜுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? ஆறு வருடமாக அந்த மனிதர் வருகிறார் என்றால் பின்வாசல் வழியாக இறங்கிப் போனவர், அன்று பஜார் நடுவே அவரை நிறுத்தி, பத்திரிகையைக் கையில் கொடுத்து, "நம்ம கணக்கு முடிஞ்சுதுல்லா அண்ணாச்சி, குடும்பத்தோட வரணும்" என்று சொன்னார். மொக்கையன் கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் கிளம்புகிற ஜீப்பில் ஏறிவிட்டார்.

கல்யாணப் பத்திரிகையைக் கடன் தீர்ந்த ரசீதாக நினைத்து, கடன் கொடுத்தவர் கையிலேயே கொடுத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

6

லோகேஷை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யன் என்று எழுதினால் நீங்கள் அவனை வெறுப்பீர்கள். அப்பாவி என்றால் நம்ப மாட்டீர்கள். ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். இரண்டரை வருடத்தில் அவன் புதுச்சட்டை எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போகாமல் படகுத்துறையில் வண்டியிலேயே படுத்திருந்தான். காலையில் கேரட் வியாபாரியை ஒன்பது தடவை கூப்பிட்டான். போன் எடுக்கப்படவில்லை.

'அவன் நம்பிக்கைக்காரன்' என்று எழுதி — அடித்துவிட்டேன். 'அவன் அவசரக்காரன்.' சரி, இதுவே இருக்கட்டும்.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொக்கையன் லயத்துக்கு வந்தார். கையில் பத்திரிகை. பொன்ராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக.

"பொன்ராசு, இது பத்திரிகையா ரசீதா?"

"ரெண்டுந்தான் அண்ணாச்சி."

"அப்பக் காசு எங்க?"

அப்பா சிரித்த முகத்தோடு பேச்சியின் பக்கம் திரும்பினார். பேச்சி சுவரோரம் நின்ற லோகேஷைப் பார்த்தாள். லோகேஷ் தரையைப் பார்த்தான். அப்பாவின் முகத்தில் சிரிப்பு இறங்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைப் பேச்சி இன்றும் மறக்கவில்லை.

"பஜார்ல நாலு பேரு கையப் புடிச்சுக் குலுக்கிட்டாங்கெ" என்றார் மொக்கையன். "பேச்சி கணக்க முடிச்சிருச்சாமே அண்ணாச்சின்டு. ரெண்டு பேரு, கையில காசு இருக்குமேன்டு புதுசாக் கடனே கேட்டுட்டாங்கெ. வாங்காத காசுக்கு நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"தப்புதாங்க" என்றான் லோகேஷ். "நாந்தான் போட்டது."

"அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன். ஒண்ணு காசு இருக்கணும். இல்லாட்டி எம் பேர அடிச்சிருக்கணும். அம்புட்டுப் பத்திரிகையிலயும். பொய்யா எம் பேரு ஊர் சுத்தக் கூடாது ஆத்தா."

அந்தக் கடைசி வாக்கியத்தில் பேச்சிக்கு அவர் மேல் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது. அவளுக்கும் அதேதான் வேண்டும்.

"அண்ணாச்சி, எங்க அக்கா கல்யாணத்துல நீங்க எங்க உக்காந்திருந்தியன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

மொக்கையன் கையிலிருந்த பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார்.

"எங் கல்யாணத்துல நீங்க உக்காரவே மாட்டிய. வாசல்ல நிப்பிய. பேரு போட்டா சும்மாவா?"

8

இப்போது ஒரு வாரம் இருக்கிறது, ஐம்பத்தெட்டாயிரம் வேண்டும். என்னிடம் மூன்று முடிவுகள் தயாராக இருக்கின்றன.

அ. தாலிக்கு வாங்கி வைத்த தங்கத்தைப் பேச்சி அடகு வைக்கிறாள். கண்ணீர். (பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். அவள் என்னை அடிப்பாள்.)

ஆ. மொக்கையன் மனம் மாறுகிறார். "நீயும் எனக்கு ஒரு மகதேன்" என்று கடன் பத்திரத்தைக் கிழிக்கிறார். (பின்னணியில் மழை. நானே எழுதியிருக்கிறேன், இரண்டு தொடர்களில். நடந்ததே இல்லை.)

இ. கேரட் வியாபாரி கடைசி நிமிடத்தில் பணத்தோடு ஓடிவருகிறார். (அவர் பணம் போட்டது கார்த்திகையில்.)

நடந்தது வேறு. அது நடந்தது லோகேஷின் ஒரு சலிப்பிலிருந்து.

திங்கட்கிழமை, பேச்சி கவுன்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். வெளியே லோகேஷின் போன் அடித்தது. எடுத்தவன், "முடியாதுங்க, சொன்னனல்ல" என்று வைத்தான்.

"யாரு?"

"எவனோ நாலு நாளாக் கூப்புட்டுட்டே இருக்கான். நம்ம தேதிக்கு மண்டபத்த விட்டுக் குடுக்கோணுமாம். மாப்ள துபாய் போவோணுமாம், வேற முகூர்த்தம் தோதுப்படலையாம். கட்டுன அட்வான்ச அப்புடியே குடுத்துர்றானாம். என்ன தைரியம் பாரு."

டிக்கெட் கிழிக்கும் கை நின்றது. வரிசையில் இருந்த குழந்தை ஒன்று, "போட் போயிரும்" என்றது.

"நம்ம அட்வான்சு எவ்வளவு?"

"அறுவதாயிரம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"புள்ள, பத்திரிகைல மண்டபத்துப் பேரு அடிச்சிருக்கு."

"இடம் மாறலாம். அது பொய்யில்ல, மாத்தம். பேரு பொய்யா இருக்கக் கூடாது."

"அவனுக்கு அவசரம். எழுவத்தஞ்சு கேட்டாக்கூடக் குடுப்பான்."

"மேல வாங்குனா அவிய பேரையும் பத்திரிகைல போடணும்" என்றாள் பேச்சி. "அறுவதுதான். கூப்பிடுங்க."

(நீ மறுபடி நீங்க ஆனதையும் லோகேஷ் கவனித்தான்.)

9

ஒரு வரியைத் திருத்தினால் இன்னொரு வரி கெடும். எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. ஏழாவது பெயர் உண்மையாயிற்று. கல்யாணம் நடக்கும் இடம் காணாமல் போயிற்று. ஆவணியில் வேறு மண்டபம் கிடையாது. கோயிலில் கட்டிக்கொள்ளலாம், முந்நூறு பேருக்கு எங்கே இலை போடுவது?

லோகேஷ் இதை ஷைஜுவிடம் உதவியாகக் கேட்கவில்லை. ஷெட்டில் காலிப் பெட்டிகளை இறக்கும்போது புலம்பினான், அவ்வளவுதான். ஷைஜு கணக்கு நோட்டை மூடினார்.

"எடா லோகேஷே. கார்டுல என் பேரு உண்டல்லோ?"

"இருக்குதுங்க. அஞ்சாவது."

"நல்வரவு விரும்புன்னவன் நான். எங்கயாடா கல்யாணம்னு ஆளுங்க கேட்டா நான் ரோட்டக் காட்டணுமா? நாணக்கேடல்லே." கையை வீசி ஷெட்டைக் காட்டினார். "மாங்கா சீசன் கழிஞ்சு. டிசம்பர் வர இது காலி. எடுத்தோ."

அன்றுதான் பேச்சிக்கு அவள் செய்த வேலையின் முழு அர்த்தம் புரிந்தது. கடன் கொடுத்தவர்களை அவள் பட்டியலில் போட்டது, தான் யாருக்கும் பாக்கி இல்லை என்று ஊருக்குச் சொல்ல. ஆனால் பெயரைப் பார்த்தவர்களுக்கு, கல்யாணம் அவர்களுடையதாகிவிட்டது. டயர் கடை ஜெகன் ஜெனரேட்டர் அனுப்புவதாகச் சொன்னார். இந்துவின் குழுப் பெண்கள் பந்தி பரிமாறுவதாகச் சொன்னார்கள். வெங்கடகிருஷ்ணன் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்தார், பழக்கதோஷம். "சந்தனம், கல்கண்டு என் பொறுப்பு. வேற யார்ட்டயும் சொல்லிடாதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மொக்கையன் வந்தார். பணத்தை இரண்டு தடவை எண்ணினார். ஆறு வருடத்துக்கு முன் பொன்ராஜ் ஒப்பமிட்ட கடன் பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பொன்ராஜ் அதை வாங்கி, தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. பிறகு மொக்கையனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பேரு நிக்கட்டும்ல ஆத்தா?"

"நிக்கட்டும் அண்ணாச்சி. ஆனா ஒரு வேல இருக்கு."

பேச்சியின் கையில் மீதி இரண்டாயிரம் இருந்தது. அதில் நானூற்றைம்பதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தார்கள். வீட்டில் இருந்த பத்திரிகைகளில் எல்லாம் புது இடம் குத்தியாயிற்று. கோவிந்தாபுரத்தில் ஏற்கெனவே போன அறுபதை என்ன செய்வது? வாங்கியவர்கள் குடும்பத்தோடு பழைய மண்டபத்துக்குத்தான் வருவார்கள். அங்கே வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆளைப் பார்த்ததும் பெயரைக் கேட்டு, விடாமல் பிடித்துத் திருப்பி அனுப்பத் தெரிந்த ஆள்.

"எனக்கு அதுதேன் தொழிலே" என்றார் மொக்கையன்.

10

நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டியாகியிருந்தது.

ஷெட்டின் இரண்டு பக்கமும் மாங்காய்ப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் மாவிலைத் தோரணம். சீசன் முடிந்து இரண்டு மாதமாகியும் வைக்கோலில் பழ வாசனை போகவில்லை. வாசலில் ஐந்து பேர் வரிசையாக நின்று கை கூப்பினார்கள். கல்பாத்தி வெங்கடகிருஷ்ணன் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டி, "வாங்கோ வாங்கோ, எந்த ஊர்லேர்ந்து வரேள்?" என்று கேட்டார். பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ரெண்டும்தான்" என்றார். வரிசையின் கடைசியில், பெயர் போடாத பெரியப்பாவும் கை கூப்பிக்கொண்டு நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. (பட்டியலில் இரண்டாவதான இந்து பந்தியில் இருந்தார். ஏழாவது ஆளை நான் ஏற்கெனவே சந்தித்திருந்தேன்.)

மேடையில் பேச்சி மாலையோடு நின்றாள். கூட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். வாசலிலிருந்து கடைசி வரிசை வரை. அந்த ஷெட்டில், அவள் பார்வைக்குப் பட்ட ஒரு முகத்துக்கும் அவள் ஒன்றும் தர வேண்டியதில்லை. முதல் வரிசையில் ஆர்த்தி உட்கார்ந்திருந்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். ஆர்த்தி மொய் மேஜை இருக்க வேண்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஜெகனின் ஜெனரேட்டர் பெரிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆர்த்தி சிரித்தாள்.

ஆமாம், மொய் கிடையாது. பேச்சியின் முடிவு. வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும், அதுவும் கடன்தானே. நீட்டியவர்களிடம் எல்லாம் கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் பன்னிரண்டரை மணிக்கு ஷைஜுவின் பைக்கில் மொக்கையன் வந்து இறங்கினார். அறுபது வீட்டாரில் ஐம்பத்தெட்டு வீட்டாரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மீதி இரண்டு வீடு துபாய் கல்யாணத்திலேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டதாம். நேராக மேடைக்குப் போனார். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு உறையை எடுத்து பேச்சியிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, மொய் வாங்கல."

"கல்யாணத்துக்கு வந்தவகட்ட வாங்காத. நான் வந்தவனா? கூப்புட்டவன்." குரல் தாழ்ந்தது. "உங்கக்கா கல்யாணத்துல நான் மொய் வைக்கல ஆத்தா."

ஷெட் முழுக்கப் பார்த்தது. பொன்ராஜ் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். லோகேஷ் பேச்சியைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. அவன் ஒரு பாடம் படித்திருந்தான். பேச்சியின் வலது கை மாலையிலிருந்து விலகி —

அந்த நேரம் பார்த்து இந்து என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "சார், மூணாவது பந்தி ஒக்காருது. எல போட்டாச்சு." எழுதுகிறவனாக இருந்தாலும் இலை போட்ட பிறகு நிற்கக் கூடாது. போய்விட்டேன்.

அதற்குப் பிறகு பேச்சியிடம் ஐந்து தடவை போனில் பேசியிருக்கிறேன். இதைத் தவிர எல்லாவற்றையும் சொல்கிறாள். "கதைக்கு எது தோதோ போட்டுக்கிடுங்க" என்கிறாள். வாங்கினாள் என்று எழுதினால், அவள் சபதத்தை நான் உடைத்தவனாவேன். மறுத்தாள் என்று எழுதினால், காலையிலிருந்து வெயிலில் நின்ற அந்த மனிதரை வெறும் விருந்தாளியாக்கியவனாவேன். நான் எழுதிவிட்டால் நடந்ததாகிவிடும் என்ற பழக்கத்தையும் இந்தக் கல்யாணத்தில்தான் விட்டேன்.

நான் பார்த்ததை மட்டும் உங்களிடம் தந்துவிடுகிறேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது, மொக்கையன் ஷெட் வாசலில் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். கல்யாணம் முடிந்து போகிறவர்களுக்கும் விடாமல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. நனைந்த பைக்குள் நீள்சதுரமாக ஏதோ தெரிந்தது. அது அவர் பெயர் போட்ட பத்திரிகையாகவும் இருக்கலாம், திரும்பி வந்த உறையாகவும் இருக்கலாம்.

நீங்கள் அந்தப் பக்கம்தான் வெளியே போக வேண்டும். போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.